65 டாலர் பட்டம்

1962-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்கள் 65 டாலர் கட்டி ஒரு புதுப் பட்டம் வாங்கிக்கொண்டார்கள். அதுவரை அவர்கள் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இருந்தது, இப்போது எம்.டி. ஆனது. நோயாளிகள் அதே நோயாளிகள், ஆஸ்பத்திரி அதே ஆஸ்பத்திரி, கத்தி பிடித்த கையும் அதே கைதான். நம் ஊரில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேற்படிப்புப் படித்தவர், டி.ஓ. என்றால் கண் மருத்துவத்தில் பட்டயம் பெற்றவர். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இரண்டுமே மருத்துவத் தொழிலில் நுழைவதற்கான முதல் பட்டங்கள். எம்.டி. பொது மருத்துவக் கல்லூரிகள் தருவது, டி.ஓ. ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் தருவது. பட்டம் மாறிய அந்த நிகழ்ச்சி ஒரு கேள்வியை எழுப்பியது. முந்தைய நாள் வரை இவர்கள் போலிகள் என்றால், 65 டாலரும் பெயருக்குச் சில வகுப்புகளும் அவர்களை எப்படி டாக்டர்கள் ஆக்கின? ஏற்கெனவே டாக்டர்களாகத்தான் இருந்தார்கள் என்றால், எழுபது ஆண்டுகளாக அவர்களை எதற்காகத் தள்ளிவைத்தார்கள்?

இதற்கு விடை ஆஸ்டியோபதியின் கொள்கையில் கிடைக்காது. அதன் பள்ளிக்கூடங்களின் வரலாற்றில் கிடைக்கும். கொள்கையின் பெரும்பகுதி தவறு. அதைச் சொல்லிக்கொடுப்பதற்கென்று கட்டிய பள்ளி, கொள்கையைவிட உறுதியாக நின்றது. பாடம் கூடக்கூட, ஆண்டுகள் நீள நீள, அங்கே படித்து வெளியே வந்தவர்கள் அமெரிக்காவின் முழு உரிமை பெற்ற மருத்துவர்கள் ஆனார்கள். அதே கொள்கையை வைத்துக்கொண்டு அத்தனை படிப்பைக் கட்டாதவர்கள் வேறு நாடுகளில் டாக்டர் ஆகவில்லை. என் வாதம் இதுதான். இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவானவை, அவற்றுக்கும் வருகிறேன்.

ஆஸ்டியோபதியின் நிறுவனர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். அப்பா மெதடிஸ்ட் சபையின் போதகர்; ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கமும் செய்வார், வைத்தியமும் பார்ப்பார். மகன் அவரிடமே தொழில் பழகினார். எல்லைப்புற அமெரிக்காவில் பலர் டாக்டர் ஆனது இப்படித்தான். அன்றைய மருந்துப் பையில் இருந்தவை கலோமெல் என்னும் பாதரச உப்பு, அபின், சாராயம், ரத்தம் வடிக்கும் கத்தி. கலோமெல் சாப்பிட்டவருக்கு எச்சில் வழியும், ஈறு புண்ணாகும், பல் ஆடும். அதையே மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று நம்பிய காலம் அது. 1864-இல் மூளைக்காய்ச்சல் ஸ்டில்லின் வீட்டில் மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது. டாக்டர்கள் வந்தார்கள், தெரிந்ததையெல்லாம் செய்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1874-இல், அவர் மருந்துகளை அடியோடு விட்டுவிட்டுப் புதிய மருத்துவம் ஒன்றை அறிவித்தார். உடம்புக்குத் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. எலும்பும் தசையும் பிசகினால் ரத்த ஓட்டமும் நரம்பும் தடைபட்டு நோய் வருகிறது. கையால் அதைச் சரிசெய்தால் நோய் போகும் என்பது அதன் சாரம். எட்டு ஆண்டுகளில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். நோய்க்கெல்லாம் முதுகெலும்பே மூலம் என்ற பேச்சு அப்போதே நிற்க முடியாததாகிவிட்டது. ஆனாலும் பாதரசத்தை ஊட்டாமல், ரத்தத்தை வடிக்காமல், நோயாளியைத் தொட்டுப் பார்த்து அனுப்பிய மருத்துவர் அன்றைய பலரைவிடக் குறைவான கேட்டையே செய்திருப்பார். ஸ்டில்லை நாடி வந்த கூட்டத்துக்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஸ்டில்லுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று எலும்பு. அதை அவர் கற்ற விதத்தை மறைக்கக் கூடாது. கான்சாஸில் பூர்வகுடி மக்களின் கல்லறைகளைத் தோண்டி எடுத்த உடல்களை வைத்துத்தான் உடற்கூற்றைப் படித்தார். 1897-இல் வெளியிட்ட சுயசரிதையில் அவரே இதைச் சொல்கிறார். அடக்கம் செய்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அமெரிக்க உடற்கூற்றுப் படிப்பு அக்காலத்தில் எங்குமே ஏழைகள், கறுப்பர்கள், பூர்வகுடிகள் ஆகியோரின் உடல்களின் மேல்தான் நடந்தது. ஆஸ்டியோபதியும் அந்தக் கடனிலிருந்து தப்பவில்லை.

1875-இல் ஸ்டில் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சிற்றூருக்குக் குடிவந்தார். பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி எலும்பு கட்டுபவராகவே பிழைத்தார். 1890-களில் நிலைமை மாறியது. நோயாளிகள் ரயிலேறி அவரைத் தேடி வந்தார்கள், சத்திரங்களும் விடுதிகளும் எழுந்தன. கூட்டத்தை ஒரு மனிதரின் இரண்டு கைகளால் சமாளிக்க முடியவில்லை. 1892 இலையுதிர் காலத்தில் இரண்டு அறை கொண்ட மர வீடு ஒன்றில் ‘அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளி’ திறந்தது. மாணவர்கள் இருபதுக்குச் சற்று மேல், அவர்களில் பெண்களும் உண்டு. பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த நேரம் அது. (கறுப்பின மாணவர்களுக்கு அப்படித் திறக்கவில்லை. அறியப்பட்டவரை முதல் கறுப்பின டி.ஓ. ஆன மேட்டா கிறிஸ்டி 1921-இல் பிலடெல்பியாவில்தான் பட்டம் பெற்றார்.)

அந்த இரண்டு அறைப் பள்ளியில் நடந்த ஒரு காரியம் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. எடின்பரோவில் முறையாக மருத்துவம் படித்த வில்லியம் ஸ்மித் என்பவர் கர்க்ஸ்வில்லுக்கு வந்து ஸ்டில்லைச் சந்தித்தார். நீங்கள் எனக்கு உங்கள் முறையைச் சொல்லிக்கொடுங்கள், நான் உங்கள் மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுக்கிறேன் என்பது அவர்களுக்குள் ஏற்பட்ட உடன்பாடு. பள்ளி கொடுத்த முதல் பட்டயத்தை வாங்கியவரும் அவர்தான். ஆக, மருந்தை எதிர்த்துக் கிளம்பிய பள்ளியின் முதல் பாடமே ஐரோப்பிய மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த உடற்கூறு. பள்ளியின் சாசனம் எம்.டி. பட்டமே கொடுக்க இடமளித்தது. ஸ்டில் வேண்டாம் என்றார், தன் மாணவர்களுக்குத் தனிப் பெயர் வேண்டுமென்று டி.ஓ. கொடுத்தார். பெயரைப் பிரித்தார், பாடத்தைப் பிரிக்கவில்லை. இந்த முரண்பாட்டை யாரும் திட்டமிடவில்லை. ஆனால் உடற்கூறு ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் தனியாக நிற்காது. உடலியங்கியலைக் கூப்பிடும், அது நோய்க்கூற்றைக் கூப்பிடும், நோய்க்கூறு கிருமியியலைக் கொண்டுவரும். பிணத்தை அறுத்துப் படித்த மாணவன், கல்லீரலில் கட்டி இருப்பதைப் பார்த்த பிறகு, முதுகெலும்பு மட்டும் போதும் என்று எத்தனை நாள் நம்புவான்?

முதல் எதிர்வாதம் இங்கே வரும். ஆஸ்டியோபதி பிழைத்தது அரசியலால்தான் என்பார்கள். 1896-இல் வெர்மான்ட் மாநிலம் அதற்குச் சட்ட ஏற்பு தந்தது. மிசௌரியில் 1895-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்தார், 1897-இல் அது மறுபடி நிறைவேறியது. 1901-இல் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் மார்க் ட்வெய்னே வந்து ஆதரவாகப் பேசினார். செல்வாக்குள்ள நோயாளிகள், சட்டமன்ற உறுப்பினர்களின் மனைவிமார், விளம்பரம் எல்லாம் உண்மை. ஆனால் சட்டம் மட்டும் ஒருவரை டாக்டர் ஆக்கும் என்றால் கைரோபிராக்டர்களும் ஆகியிருக்க வேண்டும். டேனியல் பால்மர் 1895-இல் அயோவாவில் தொடங்கிய அந்த மருத்துவமும் முதுகெலும்பையே பிடித்துக்கொண்டது, அதற்கும் பள்ளிகள் எழுந்தன, அதற்கும் ஒவ்வொரு மாநிலமாக உரிமம் கிடைத்தது. கடைசியாக 1974-இல் லூயிசியானா கொடுத்தது. ஆனாலும் கைரோபிராக்டர் அறுவை செய்வதில்லை, பிரசவம் பார்ப்பதில்லை. வாங்கிய சட்டம் இரண்டு பேருக்கும் உண்டு. அந்தச் சட்டத்தின் எல்லையைக் கல்வியின் எல்லை தீர்மானித்தது.

இன்னும் தெளிவான சான்று லண்டனில் இருக்கிறது. கர்க்ஸ்வில்லில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பிறகு சிகாகோவில் பள்ளி தொடங்கிய ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான், 1917-இல் பிரிட்டிஷ் ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். ஸ்டில்லின் கொள்கை அப்படியே கப்பலேறிப் போயிற்று. ஆஸ்பத்திரியும் பிணவறையும் போகவில்லை. 1935-இல் பிரபுக்கள் சபையின் தெரிவுக் குழு ஆஸ்டியோபதி மசோதாவை விசாரித்தபோது, கேள்விகள் அந்தப் பள்ளியின் தரத்தின்மேல் விழுந்தன. லிட்டில்ஜானால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மசோதா திரும்பப் பெறப்பட்டது. பிரிட்டனில் ஆஸ்டியோபத்துகளுக்குச் சட்டப்படியான ஒழுங்குமுறை வந்தது 1993-இல்தான். அதுவும் மருத்துவர்கள் என்ற தகுதியில் அல்ல, கையால் சிகிச்சை தரும் தனித் தொழிலினர் என்ற தகுதியில். ஒரே குரு, ஒரே கொள்கை. அமெரிக்காவில் டாக்டர், பிரிட்டனில் டாக்டர் இல்லை. வேறுபாடு பாடத்திட்டத்தில்தான்.

அமெரிக்கப் பள்ளிகள் தாமாக மனம் திருந்தித் தரம் உயர்த்தின என்று நினைத்துவிடக் கூடாது. அடி வாங்கித்தான் உயர்ந்தன. 1893-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி, கல்லூரிப் பட்டம் பெற்றவர்களுக்கு நான்காண்டுப் படிப்பு என்று புது அளவுகோலை வைத்துவிட்டது. அந்த அளவுகோலோடு ஆபிரகாம் பிளெக்ஸ்னர் நாடு முழுதும் சுற்றி 1910-இல் தன் அறிக்கையை வெளியிட்டார். 155 மருத்துவப் பள்ளிகளை அலசிய அந்த அறிக்கை எட்டு ஆஸ்டியோபதிப் பள்ளிகளையும் விடவில்லை. சோதனைக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லை, கட்டணத்துக்காக நடக்கும் வியாபாரம் என்று கடுமையாகச் சாடினார். அவர் மற்ற பல எம்.டி. பள்ளிகளைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே என்பதை மறக்கக் கூடாது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஆஸ்டியோபதிப் பள்ளிகள் மூடியும் ஒன்றோடொன்று சேர்ந்தும் ஆறாகச் சுருங்கின: கர்க்ஸ்வில், சிகாகோ, பிலடெல்பியா, தெ மாயின், கான்சாஸ் சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ். மாதக் கணக்கில் தொடங்கிய படிப்பு இரண்டு ஆண்டாகி, மூன்றாகி, 1916-இல் நான்கு ஆண்டானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஸ்டில் இறந்தார். 1929-இல் அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கம், மருந்தியலைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று முடிவுசெய்தது. நிறுவனர் எதை எதிர்த்துப் பள்ளியைத் தொடங்கினாரோ, அதுவே அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளில் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தது.

இன்னொரு தள்ளுதல் தேர்வு அறையிலிருந்து வந்தது. 1925 முதல் பல மாநிலங்கள் அடிப்படை அறிவியல் தேர்வு என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும், எந்தக் கொள்கையை நம்பினாலும், உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல், கிருமியியல், நோய்க்கூறு ஆகியவற்றில் எல்லாரும் ஒரே தாளை எழுத வேண்டும். மருத்துவம் அல்லாத முறைகளை வடிகட்டவே இந்தச் சட்டத்தைப் பலர் ஆதரித்தார்கள். தொடக்கத்தில் ஆஸ்டியோபதி மாணவர்கள் எம்.டி. மாணவர்களைவிட அதிகம் பேர் தோற்றார்கள். கல்லூரிகளுக்கு முன்னே இரண்டே வழி: தேர்வைத் திட்டிக்கொண்டிருப்பது, அல்லது சோதனைக்கூடம் கட்டி, கல்லூரிப் படிப்பு இருந்தவர்களைச் சேர்த்து, பாடத்தைக் கெட்டிப்படுத்துவது. இரண்டாவதைச் செய்தன. பிறகு தேர்ச்சியும் ஏறியது. பகையாக வந்த தேர்வு ஆசானாக அமைந்த இந்த இடம்தான் முழு வரலாற்றிலும் என்னை அதிகம் கவர்வது.

இரண்டாம் உலகப் போரில் ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்கவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போக, ஊரில் தங்கிய டி.ஓ.க்களிடம் குடும்பங்கள் வந்தன. போர் முடிந்த பிறகும் பலர் திரும்பிப் போகவில்லை. எம்.டி. ஆஸ்பத்திரிகள் அவர்களுக்கு இடம் தராததால் தங்களுக்கென்று ஆஸ்பத்திரிகள் கட்டினார்கள், அவற்றிலேயே பயிற்சி டாக்டர்களையும் நிபுணர்களையும் உருவாக்கினார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கமோ, டி.ஓ.க்களோடு விரும்பிச் சேர்ந்து தொழில் செய்வது நெறிமீறல் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவந்தது. அந்தச் சங்கமே ஜான் கிளைன் தலைமையில் அனுப்பிய குழு, ஆஸ்டியோபதிக் கல்லூரிகளை நேரில் பார்த்து, அங்கே நடப்பது குருட்டு நம்பிக்கையைக் கற்பிக்கும் வேலை இல்லை என்று 1955-இல் அறிக்கை கொடுத்தது. சங்கத்தின் பேராளர் அவை அதை ஏற்க மறுத்தது. தங்கள் கண்ணால் கண்டு வந்தவர்களின் சொல்லையே ஒதுக்கினார்கள் என்றால், அங்கே அளவுகோல் கல்வியாக இல்லை, சாதிக் கட்டுப்பாடு போன்ற ஒன்றாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியா உடன்பாடு இந்தப் பின்னணியில்தான் 1961-இல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்டியோபதிக் கல்லூரி, கலிஃபோர்னியா மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறி எம்.டி. கொடுக்கத் தொடங்கியது, பின்னாளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோடு இணைந்து இர்வைனுக்குக் குடிபெயர்ந்தது. ஏற்கெனவே தொழிலில் இருந்த டி.ஓ.க்களுக்கு 65 டாலரில் எம்.டி. கிடைத்தது. 1962 நவம்பரில் மாநில வாக்கெடுப்பு புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் தரும் கதவை மூடியது. எதிரியை உள்ளே இழுத்துக் கரைத்துவிடும் திட்டம் இது. ஆனால் இதன் விளைவு நேர்மாறாகப் போயிற்று. மிச்சமிருந்த ஐந்து கல்லூரிகளின் ஆட்கள் ஒவ்வொரு மாநிலத்திலும், ஒவ்வொரு அமைச்சகத்திலும் அந்த 65 டாலரைக் காட்டிக் கேட்டார்கள்: கலிஃபோர்னியாவில் எங்கள் ஆட்கள் மறுபடி படிக்காமலே எம்.டி. ஆக முடிந்தது என்றால், எங்கள் படிப்பில் எது குறை? இதற்கு யாரிடமும் நேர்மையான மறுப்பு இருக்கவில்லை. 1966-இல், வியட்நாம் போர் நடுவே, ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்றது. 1969-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் கதவைத் திறந்தது. அதே ஆண்டு மிச்சிகனில் தொடங்கிய ஆஸ்டியோபதிக் கல்லூரி, விரைவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகி, அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரி ஆனது. 1974-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டி.ஓ. உரிமங்களை மீண்டும் வழங்கச் சொன்னது.

இரண்டாவது எதிர்வாதம் முதலாவதைவிடக் கூர்மையானது. படித்துப் படித்து எம்.டி. மாதிரியே ஆகிவிட்டார்கள் என்றால், தனிக் கல்லூரி எதற்கு, தனிப் பட்டம் எதற்கு? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இன்றும் டி.ஓ. மாணவர் மற்ற மருத்துவப் பாடங்களோடு சுமார் 200 மணி நேரம் கைச்சிகிச்சை பயில்கிறார். தொடு உணர்வைக் கூர்மையாக்க ஒரு பழைய பயிற்சி உண்டு: ஒரு தலைமுடியைக் காகிதத்துக்கு அடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடி விரல் நுனியால் அது எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டும். கண்டுபிடித்ததும் மேலே இன்னொரு தாள், பிறகு இன்னொன்று. பயிற்சி அறையில் மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து மாறிமாறி ஒருவர் முதுகை மற்றவர் தடவிப் பார்ப்பார்கள். மருத்துவராகப் போகிறவர், தொடப்படுவது எப்படி இருக்கும் என்பதையும் அங்கே அறிந்துகொள்கிறார். இத்தனைக்குப் பிறகும், 1990-களின் இறுதியில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பாதிக்கும் மேற்பட்ட டி.ஓ.க்கள் தங்கள் நோயாளிகளில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே கைச்சிகிச்சை தருவதாகச் சொன்னார்கள். சான்றும் அளவோடுதான் பேசுகிறது. 1999-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஓர் ஆய்வில், இடுப்பு வலிக்காரர்களில் கைச்சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமானார்கள். கைச்சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைந்த மருந்தே தேவைப்பட்டது. இடுப்பு வலிக்கு இது நல்ல செய்தி. நிமோனியாவுக்கும் காது நோய்க்கும் இதை நீட்டிக்கொண்டு போக இந்த ஆய்வு இடம் தரவில்லை. மண்டையோட்டு எலும்புகளை அசைத்துச் சிகிச்சை தருவதாகச் சொல்லும் பிரிவோ, வில்லியம் சதர்லாந்து 1939-இல் நூலாக வெளியிட்ட நாள் முதல் தகுந்த சான்று இல்லாமலே பாடத்தில் இருந்துவருகிறது. 1920-களில் பொதுத் தேர்வுக்கு அஞ்சாமல் உட்கார்ந்த கல்லூரிகள் இந்தப் பகுதியையும் அதே துணிவோடு தேர்வுக்கு உட்படுத்தி, தோற்றால் நீக்கிவிட வேண்டும்.

ஆனால் இந்த எதிர்வாதம் என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. கைச்சிகிச்சையைக் கைவிட்ட டி.ஓ.வும் டாக்டராகவே இருக்கிறார். அவரை டாக்டர் ஆக்கியது அது இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 2015-இல் தொடங்கி 2020-இல் முடிந்த ஏற்பாட்டின்படி, எம்.டி.க்களும் டி.ஓ.க்களும் பட்டத்துக்குப் பிந்தைய ஆஸ்பத்திரிப் பயிற்சியை ஒரே அமைப்பின் கீழ் பெறுகிறார்கள். ஐந்தாகச் சுருங்கிய கல்லூரிகள் இன்று நாற்பதைத் தொட்டுவிட்டன. அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அங்கே படிக்கிறார். தனிப் பட்டம் இன்று ஒரு மருத்துவ வேறுபாட்டைவிட ஒரு கல்வி மரபின் பெயராகவே நிற்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் உறவினர் ஒரு டி.ஓ.விடம் வைத்தியம் பார்க்கிறார் என்றால், அந்த எழுத்துகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் மருந்து எழுதுவார், அறுவை செய்வார், பிரசவமும் பார்ப்பார். லண்டனில் ஆஸ்டியோபத் என்ற பலகையைப் பார்த்தால், முதுகு வலிக்கு அங்கே போகலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போங்கள்.